ரோட்டோரத்துக்கு விலை சொன்னவன்

சர்டிபிகேட் கைக்கு வந்த அன்றைக்கே யாராவது என் வாயைத் தைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வீட்டில் கேசரி கிண்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் இரண்டு தட்டு தின்றேன்.

நான் படித்தது சிவில் இன்ஜினீயரிங். எட்டு வருடம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கட்டட வேலைகளில் வெயிலில் காய்ந்தேன். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் வடகரப்பதியிலிருந்து காலையில் பைக்கை எடுத்தால் சாயங்காலம் சிமெண்ட் தூசியோடு திரும்புவேன். கூட வேலை பார்த்த ஒருவர்தான் மதிப்பீட்டாளர் உரிமம் பற்றிச் சொன்னார். இந்த நிலம் இவ்வளவு பெறும், இந்தக் கட்டடம் இவ்வளவு பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. பேங்குகள் கடன் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கையெழுத்தைக் கேட்கும். பரீட்சை எழுதிப் பதிவு செய்துகொண்டால் அப்புறம் உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கலாம் என்றார். அந்த ‘உட்கார்ந்த இடத்தில்’தான் என்னைக் கவிழ்த்தது.

வகுப்பெல்லாம் போனிலேயே நடந்தது. பரீட்சை கம்ப்யூட்டரில். தப்பாகச் சொன்னால் இருக்கிற மார்க்கையும் பிடுங்கிக்கொள்வார்கள். மூன்று தடவை தோற்றேன். கணக்கு, தேய்மானம், கட்டடத்தின் ஆயுள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. சட்டமும் நன்னெறியும் வரும் பக்கத்தில் மண்ணைக் கவ்வுவேன்.

“ஊருச் சொத்துக்கெல்லாம் வெல போடப் போறீங்க. உங்குளுக்கு என்ன வெலைன்னு ஒருத்தருங் கேக்க மாட்டீங்கறாங்களே!” என்று என் மனைவி சிரித்தாள். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நான்காவது தடவை நன்னெறிப் பாடத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டு போனேன். அதில் வந்த ஒரு கேள்வி அப்படியே நினைவிருக்கிறது. சொத்தைப் பார்க்கப் போன இடத்தில், வாடிக்கையாளருக்குப் பாதகமான ஒரு விஷயம் மதிப்பீட்டாளரின் கண்ணில் படுகிறது. அவர் அதை யாரிடம் சொல்லலாம்? நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். அறிக்கை கேட்டவரிடம் மட்டும் சொல்லலாம், வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது சரியான விடை. யோசிக்கக்கூட இல்லை, பட்டென்று அமுக்கினேன். சரி என்று மார்க்கும் வந்தது.

பாஸானேன். பதிவு எண் வந்தது. பாலக்காட்டில் ஒரு கடையில் என் பெயரும் எண்ணும் போட்டு வட்டமாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்து, பழைய பேப்பர் முழுவதும் குத்திக் குத்திப் பார்த்தேன். ஒரு பேங்க் கிளை என்னைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டதோடு சரி. மாதக்கணக்கில் ஒரு ஃபைலும் வரவில்லை. முதலமடையில் ஒரு பெரிய மதிப்பீட்டாளருக்கு மாந்தோப்பு அளந்து கொடுக்கப் போனேன். அங்கே நான் மரம் எண்ணுகிற ஆள், அவ்வளவுதான். விலையை அவர் போடுவார். ஒருத்தர், ஒரே ஒருத்தராவது என்னைப் பார்த்து ‘இது என்ன விலை போகும்?’ என்று கேட்டுவிட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல இன்று நாக்கூசுகிறது. ஆனால் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

கடைசியில் ஒரு ஃபைல் வந்தது. பார்த்தால் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் அக்காவுடையது. எனக்குச் சொந்தமில்லை. ஆனால் தினமும் பைக்கில் போகும்போது பார்க்கும் முகம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகளைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டு, மூன்று கறவை மாடுகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். ரோட்டோரம் வீடு. காலையும் மாலையும் பால் வண்டி வாசலிலேயே நின்று பாலை அளந்து வாங்கிப் போகும். இன்னும் இரண்டு மாடு வாங்கி, மாடு கட்டுகிற கட்டுத்தாரிக்கு நல்லதாக ஒரு கூரை போடலாம் என்று கடன் கேட்டிருந்தார்.

நான் போனபோது வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்க தம்பி. நீங்கதான் வெல போடற இன்ஜினீயருன்னு பேங்குல சொன்னாங்க. நம்ம பையனாச்சேன்னு எனக்கு நெம்ப சந்தோசமுங்க. மொதல்ல மோரு குடிங்க.”

மோர் குடித்துவிட்டு அளக்க ஆரம்பித்தேன். புதிதாக வாங்கிய லேசர் கருவி வெயிலில் புள்ளி தெரியாமல் உயிரை வாங்கியது. டேப்பை எடுத்தேன். தனியாக வந்திருந்ததால் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. நான் கேட்பதற்கு முன்பே அக்கா வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டேப்பின் முனையைப் பிடித்தார். “இப்படிங்களா? இழுத்துப் புடிக்கோணுங்களா?” என்று கேட்டுக்கேட்டு மூலைக்கு மூலை நடந்தார். நடுநடுவே மாடுகளின் கதை வேறு. முதல் மாட்டைக் கணவரோடு சந்தைக்குப் போய் வாங்கினாராம். அங்கே கைகளைத் துண்டு போட்டு மூடி, அதற்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்களாம். “பக்கத்துல நின்ன எனக்கே என்ன வெலைன்னு தெரியாதுங்க. ஊட்டுக்கு வந்துதான் சொன்னாரு” என்று சிரித்தார்.

அளந்து முடித்துவிட்டு ஆதாரத்தைப் பிரித்தேன். கேரளத்தில் பத்திரத்துக்கு ஆதாரம் என்றுதான் பெயர். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. மாமனார் இரண்டு மகன்களுக்கும் பிரித்து எழுதிக் கொடுத்தது, அக்காவின் கணவருக்கு வந்த பங்கு, வருடாவருடம் கரம் என்கிற நிலவரி கட்டிய ரசீது எல்லாம் இருந்தன. நான்கு எல்லைகளைப் படித்தேன். தெற்கே பள்ளம். வடக்கே அண்ணனின் பங்கு.

நிமிர்ந்து பார்த்தேன். வடக்கே தார் ரோடு கிடந்தது.

ஸ்கெட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஆதாரத்தில் இருப்பது பின்னாலிருக்கும் தெற்குப் பாதி. நாங்கள் நின்றுகொண்டிருப்பது வடக்குப் பாதி, அண்ணனுடையது. வீடு, கட்டுத்தாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அண்ணனின் இடத்தில் இருந்தன.

“அக்கா, இது உங்க பங்கு இல்லீங்களே?” என்றேன்.

“அது மாத்திக்கிட்டாங்க தம்பி” என்றார், ஒன்றுமே இல்லாதது போல. “பாகம் பிரிச்சப்ப இவருக்குக் கெணத்துப் பக்கம் வந்துச்சு, அண்ணனுக்கு ரோட்டுப் பக்கம். அண்ணன் வெள்ளாமைக்காரரு, அவருக்குத் தண்ணி வேணும். இவருக்கு ஊடு கட்டக் கரண்டுக் கம்பம் பக்கத்துல வேணும். ரண்டு பேரும் வெத்தல பாக்கு மாத்திக்கிட்டாங்க. அன்னைலருந்து இது எங்குளுது, அது அவியளுது.”

“எழுதலீங்களா?”

“அண்ணந் தம்பிக்குள்ள எதுக்குங்க ஆதாரம்? எழுதுனா ஊரு சிரிக்காதுங்களா?”

எனக்கு இது புதிதல்ல. எங்கள் பக்கம் பாதிக் காடு இப்படித்தான் கைமாறிக் கிடக்கிறது. என் அப்பாவும் சித்தப்பாவும்கூட அரை ஏக்கரை வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்டவர்கள்தான். எழுதிக் கேட்பது என்றால் ‘உன்னை நம்பவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வது. அந்த அவமானத்துக்குப் பயந்து யாரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கமே போக மாட்டார்கள். பேச்சு கொடுத்த இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்வரை அதற்கு எந்தக் குறையும் வராது. இங்கே இரண்டு பேருமே இறந்துவிட்டார்கள். அண்ணனின் இரண்டு மகன்கள் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தார்கள். தெற்குப் பாதியில் கிணறு வற்றிப்போய் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. அவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வந்து சித்தியைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

‘காட்டிய சொத்தும் ஆதாரத்தில் உள்ள சொத்தும் வேறு வேறு’ என்று ஒரு வரி எழுதிப் பேங்குக்கு அனுப்பியிருக்க வேண்டும். கடன் கிடைத்திருக்காது. இரண்டு மாடு வராது. அவ்வளவுதான் நஷ்டம். மூன்று மாடும் வீடும் அப்படியே இருந்திருக்கும்.

ஆனால் நான்தான் ‘நம்ம பையன்’ ஆயிற்றே. மோர் வேறு குடித்திருக்கிறேனே. உதவி செய்யக் கிளம்பிவிட்டேன்.

“ஒண்ணும் பயப்படாதீங்கக்கா. அண்ணன் பசங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முறைப்படி மாத்தி எழுதிக்கலாம். நம்பர் குடுங்க, நானே பேசறேன்.”

அக்கா தயங்கினார். “பொங்கலுக்கு வருவாங்க தம்பி. பலகாரம் செஞ்சு வெச்சு, வெத்தல பாக்கோட நானே கேட்டுக்கறனுங்க. அதுதானுங்க மொற.”

“அதுக்குள்ள உங்க ஃபைல மூடிருவாங்கக்கா.”

அவர் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த எண்ணைக் காட்டினார். அன்று சாயங்காலம் என் வீட்டு மாடியில் நின்று மூத்த மகனைக் கூப்பிட்டேன். நல்ல குரல், மரியாதையான ஆள். நான் மதிப்பீட்டாளர் என்று சொன்னதும் “சொல்லுங்ணா” என்றார். விஷயத்தை விளக்கினேன்.

“அப்படிங்களாண்ணா? அந்த ஊடு எங்கப்பா பேர்லயா இருக்குது? எங்குளுக்கு இது தெரியவே தெரியாதுங்களே!”

“ஆமாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா சித்திக்கு லோன் கெடச்சிரும்.”

“போட்டுறலாங்ணா, அதுக்கென்ன” என்றார். பிறகு கேட்டார்: “நீங்க வேல்யூவர்ங்கறீங்க. ரோட்டோரம் இப்ப சென்ட் என்ன போகுதுங்ணா?”

கேட்டேவிட்டார். சர்டிபிகேட் வாங்கிய நாளிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி. அந்த நேரத்தில் எனக்குப் பரீட்சையும் நினைவில் இல்லை, அக்காவும் நினைவில் இல்லை. நெஞ்சு விரிந்து போய் நின்றேன். வேலந்தாவளம் ரோட்டில் கோயம்புத்தூர்க்காரர்கள் கோடவுன் போட ஆரம்பித்ததைச் சொன்னேன். ரோட்டை அகலப்படுத்தியதைச் சொன்னேன். “ரோட்டோரத்துக்கும் பின்னாடிக் காட்டுக்கும் இப்ப ஏணி வெச்சாலும் எட்டாதுங்க” என்றேன். அதோடு விட்டேனா? சென்ட் விலையை ரூபாய்க் கணக்கில் சொன்னேன். அக்கம்பக்கத்தில் போன இரண்டு கிரயங்களைச் சாட்சிக்கு வேறு எடுத்துச் சொன்னேன். காசு வாங்காமல்!

“நெம்ப தேங்க்ஸுங்ணா” என்றார். “கையெழுத்து சமாச்சாரம் தம்பிகிட்டப் பேசிப்போட்டுச் சொல்றனுங்.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டிகூட ஊதத்தான் ஊதினான், என்னைப் போல விலை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மகன்களும் காரில் வந்தார்கள். கூடவே சர்வேயரும் வந்தார். சத்தம் இல்லை, சண்டை இல்லை. சித்தியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, “பேப்பர்ல எப்படி இருக்குதோ அப்படியே வெச்சுக்கலாங்க சித்தி. உங்குளுக்குத் தெக்கால பாதி, எங்குளுக்கு வடக்கால பாதி. ஆருக்கும் நட்டமில்லீங்க” என்றார்களாம். கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். தெற்குப் பாதிக்கு வரப்பு வழியாகத்தான் நடந்து போக வேண்டும். அங்கே கரண்ட் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை. பால் வண்டி அங்கே வராது. பால் வண்டி வராத இடத்தில் கறவை மாட்டை வைத்து அவர் என்ன செய்வார்?

நான் ஓடினேன். அதே வாசல், அதே மோர். அக்கா என்மேல் ஒரு வார்த்தை வீசவில்லை.

“நம்ம சித்தூர் கோர்ட்டுல வக்கீலப் பாக்கலாங்கக்கா. இத்தன வருசம் குடியிருந்திருக்கீங்க, கேஸ் நிக்கும்” என்றேன்.

“கேஸா? எங்கூட்டுக்காரரு அண்ணன் பசங்க பேர்லயா? அது நமக்கு ஆகாதுங்க தம்பி. பேச்சுக் குடுத்த ரண்டு பேருமே போயிட்டாங்க. இனி ஆருகிட்டப் போயி சாட்சி கேக்கறதுங்க?”

ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். யாரும் பேசவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் பதற்றம். விஷயம் பரவியதும், வாய்ப்பேச்சில் காடு மாற்றிக்கொண்டவர்கள் எல்லாம் ஆதாரம் எழுதுகிறவரின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். என் அப்பா சித்தப்பாவிடம் மெல்ல எடுத்துச் சொன்னார். “எம்மேல நம்பிக்கை இல்லீன்னு சொல்றயாண்ணா?” என்று எழுந்து போன சித்தப்பா அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இந்தக் கூத்துக்கு நடுவில் ஸ்கெட்ச் பார்த்துச் சொல்ல என்னிடம்தான் வந்தார்கள். என்னைத்தான் கெட்டிக்காரன் என்றார்கள்.

காட்டிய சொத்து வேறு, ஆதாரத்தில் உள்ளது வேறு என்று கடைசியில் நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பார்த்து அக்காவின் கடனை மறுத்த பேங்க் மேனேஜரும் அதையேதான் சொன்னார். “அசல் ரிப்போர்ட் சாரே! வேற ஒருத்தனும் இதக் கண்டுபிடிச்சிருக்க மாட்டான்” என்று கை குலுக்கினார். அந்த அறிக்கையைப் பார்த்து இன்னும் இரண்டு கிளைகள் என்னைச் சேர்த்துக்கொண்டன. ஃபைல்கள் வந்தன. மனைவிக்கு ஒரு வளையல் வாங்கிக் கொடுத்தேன். அவள் ஏன் என் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன். போனில் நான் பேசியதை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அக்காவின் வீட்டில் நிற்பேன். ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கத்தான் நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒன்றும் செய்யவில்லை. மோர் குடித்துவிட்டு வருவேன். முதலில் ஒரு மாடு போனது. பிறகு இரண்டாவதும் போனது. வயதான மாடு மட்டும் நின்றது, அதை யாரும் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு ஃபைல் வந்தது. கோடவுன்காரர் ஒருவர் ரோட்டோர நிலம் வாங்குகிறார், அவருக்குக் கடன். சர்வே எண்ணைப் பார்த்தேன். அந்த வடக்குப் பாதிதான். ‘உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொத்துதானே’ என்று எனக்கே அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி உண்டு. ‘இந்தச் சொத்தில் எனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ எவ்விதத் தொடர்பும் ஆதாயமும் இல்லை.’ அதன் கீழேதான் கையெழுத்தும் ஸ்டாம்ப்பும். என்னால் முடியாது என்று ஃபைலைத் திருப்பியிருக்கலாம். திருப்பினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அந்தப் போன் பேச்சை எழுத வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. நான் கோழை. டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை. மூட்டைகள் வாசலில் இருந்தன. தெற்குக் காட்டில் நான்கு கல்தூணும் மேலே ஷீட்டுமாக ஒரு கொட்டகை எழும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்க தம்பி. மோரில்லீங்க இன்னைக்கு” என்றார்.

இடிக்கப் போகிற கட்டடம்தான். ஆனாலும் அளவு எழுத வேண்டும். டேப்பை இழுத்தேன். மறுமுனையை எங்கே மாட்டலாம் என்று தேடினேன். அக்கா வந்தார். சேலையைச் செருகிக்கொண்டு, நான் ஒன்றும் சொல்லாமலே முனையை வாங்கிக்கொண்டு வீட்டின் முன்கூடமான ஆசாரத்து மூலைக்குப் போய் நின்றார். அப்புறம் அடுக்களைக்கு. அப்புறம் கட்டுத்தாரிக்கு. எங்கே பிடிக்க வேண்டும் என்று இந்தத் தடவை அவர் கேட்கவே இல்லை.

கட்டுத்தாரியில் என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு நான் போன்ல பேசுனப்ப, கையெழுத்து மட்டும் கேக்கலீங்க…”

“தெரியுமுங்க” என்றார்.

“என்ன தெரியும்?”

“கார்ல வந்த அன்னைக்கே அந்தப் பையன் சொல்லிப்போட்டான். ‘இன்ஜினீயரண்ணன்தான் சித்தி வெலயெல்லாஞ் சொன்னாரு’ன்னு.”

ஆறு மாதம். அத்தனை தடவை அந்த வாசலில் நின்று நான் மோர் குடித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் பேசிய வாய்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. டேப்பின் முனையைச் சுவரோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பாதி காலியான கட்டுத்தாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டுச் சந்தையில கூட, துண்டப் போட்டு மூடித்தாங்க தம்பி வெல பேசுவாங்க” என்றார்.

நான் குனிந்து டேப்பில் இருந்த எண்ணைப் பார்த்தேன்.

“அளவ எழுதிக்கிட்டீங்களா? கையி வலிக்குதுங்க.”

எழுதிக்கொண்டேன்.